பண் நமது! பெயர் எவரது?

புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறைச் சரிவில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகட்கு முன் வெட்டப்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏழு பிரிவுகளும் 38 வரிகளும் கொண்ட அக்கல்வெட்டு, ஏழிசையின் குறியெழுத்துகளை வரிசை வரிசையாகத் தாங்கி நிற்கின்றது. அதன் எழுத்து கிரந்தம். அதன் மொழி வடமொழி. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு தொடர் ஒன்றே தமிழ். பாறை தமிழ்ப்பாறை, உளிபிடித்த கையும் தமிழ்க்கையாகவே இருந்திருக்கும், ஆயினும் உரிமை கொண்டாடும் பெயர் மட்டும் பிறமொழியினது. இன்று அதனைப் படிக்கலாம், ஆராயலாம், அதன்மேல் நூலும் எழுதலாம். ஆனால், "இஃது இவ்வாறே பாடப்பெற்றது" என்று ஐயமறப் பாடிக்காட்ட வல்லார் எவரும் இலர். கல் நின்றது, பண் போயிற்று!

அக்கல்வெட்டுக்கு அணித்தான காலத்திலேயே நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் ஊர் ஊராய்ச் சென்று தமிழிற் பாடினர். அவர்தம் பாட்டைப் பாறையில் எவரும் இசைக்குறியிட்டு வெட்டவில்லை. ஆயினும், பண்முறை இடையிடையே திரிந்தும் குறைந்தும் போயினும், தேவாரம் இன்றும் ஓதுவார் வாயில் உயிரோடு உலவுகின்றது. பாறையிற் பதிந்த இசை மாண்டது. வாயிற் பதிந்த இசை வாழ்கின்றது. மக்கள் வழங்கும் மொழியில் உள்ள பாட்டுக்கே கால்வழி உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இப்பழங்கதை இன்று எதற்கெனின், தமிழிளைஞர் நடத்தும் புதுவகை இசைக்குழுக்களின் எழுச்சியையும் உடைவையும் எடைபோடுவதற்கே.

துள்ளலிசையைத் தூற்றற்க!

கித்தாரும் முழவுத்தொகுதியும் கொண்டு உரத்த குரலெடுத்துப் பாடும் மேலை இசையை ஆங்கிலர் 'ராக்கு' என்பர். பாறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே ஒலியினதாகலின், 'பாறையிசை' என்று பெயர்ப்பாரும் உளர். அது பிழை. இவ்விசைக்குப் பெயராய் அமைந்த சொல் ஆடியசைதலைக் குறிப்பது. தமிழில் இதற்கு ஏற்ற சொல்லை எங்கும் போய்த் தேட வேண்டுவதில்லை. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவலோசை, வஞ்சிக்குத் தூங்கலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை என்று யாப்பிலக்கணம் வகுத்து வைத்துள்ளது. கலி என்னும் சொல்லே ஆரவாரத்தை உணர்த்துவது. ஆகலின், இவ்விசையைத் துள்ளலிசை என்க. திரைப்படத்தையும் பெருவணிகத்தையும் சாராது தனித்து நிற்க முயல்வதனை மாற்றுத் துள்ளலிசை என்க. 'ராப்பு' என்பதற்குச் 'சொல்லிசை' என்னும் நல்ல பெயரை இளைஞர்களே வழக்கிற் கொண்டுவந்துவிட்டனர். இத்துறையில் இளைஞர் புலவர்க்கு முன்னே நடக்கின்றனர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தனித்தமிழ் அன்பருள் ஒருசாரார் இவ்விசையைக் கேட்டதும் முகஞ்சுளிக்கின்றனர். "இது வெள்ளையன் கூச்சல், தமிழனுக்கு ஆகாது" என்பது அவர்தம் தீர்ப்பு. அவர்கள் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ 200 ஆண்டுகட்கு முன், சென்னை வெள்ளையரிடமிருந்து பிடிலைக் கற்றுக் கருநாடக இசைமேடைக்குக் கொண்டுவந்தவர் பாலுசாமி தீட்சிதர். இன்று அக்கருவியில்லாத அரங்கு உண்டோ? அதனை அயற்கருவி என்று வெறுப்பார் எவர்? இசைக்கருவிக்குத் தாய்மொழி இல்லை. பாடும் வாய்க்கே உண்டு. பிடில் வந்தது குற்றமன்று. அப்பிடிலின் துணையோடு தமிழ்மேடையில் தெலுங்கும் வடமொழியுமே கோலோச்சியதுதான் குற்றம். அக்குற்றத்தை எதிர்த்தே 1943-இல் அண்ணாமலையார் தமிழிசைச் சங்கத்தை நிறுவினார். அன்று எதிர்த்தது கருவியையன்று, பாடிய மொழியையே. இன்றும் அதுவே நெறி. கித்தாரை விடுக, வாயை நோக்குக!

வெண்சுருட்டுக்காரன் விரித்த மேடை

வாயை நோக்கினால் காண்பது யாது? 1970, 1971 ஆகிய ஆண்டுகளில், வெண்சுருட்டு விற்கும் ஒரு பெருநிறுவனம் தன் சரக்கின் பெயராலேயே 'சிம்லா பீட்டு' என்னும் குழுப்போட்டியை இந்திய அளவில் நடத்தியது. சென்னை இளைஞரும் அதிற் கலந்துகொண்டனர். வென்றோர் பாட்டுகள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. பாட்டெல்லாம் ஆங்கிலம், குழுப்பெயரெல்லாம் ஆங்கிலம், நீட்டலும் முழக்கலுங்கூட ஆங்கிலரைப் பார்த்துப் பழகியவை. திறமை குறைவென்று எவரும் சொல்லார். ஆயினும் அவ்விளைஞர்தம் பாட்டுள் ஒன்றேனும் தமிழ்நாட்டுத் தெருவில் எவர் வாயிலேனும் இன்று உண்டோ? அத்தட்டுகளை இன்று தேடித்திரிவோர் அயல்நாட்டுப் பழந்தட்டு திரட்டுவோரே. வேரில்லாத செடி பூத்தது. அன்று மாலையே உதிர்ந்தது.

அதன்பின் அரைநூற்றாண்டுக் காலமாகக் கல்லூரி விழாக்களில் இதே கதை நடந்துவருகின்றது. நான்கு இளைஞர் கூடுவர், ஆங்கிலப் பெயரொன்று சூட்டிக்கொள்வர், ஆங்கிலத்தில் எழுதுவர், ஒரு பரிசு பெறுவர், படிப்பு முடியும், ஒருவர் பெங்களூர்க்கும் ஒருவர் கடல்கடந்தும் செல்வர், குழு கலையும். அக்குழுவுக்காக அழுவார் எவரும் இலர். அவர் பாட்டு எவர் வாழ்விலும் புகவில்லை யாதலின். இவ்வுடைவுகளை எண்ணி வருந்த வேண்டுவதில்லை. வருந்த வேண்டிய உடைவு வேறொன்று உண்டு.

சாதியற்ற தமிழரின் பாட்டு

2018 சனவரி 6-ஆம் பக்கல், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு புதுக்குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு நடுவமும், இசைஞர் தென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 கலைஞர் அதில் இருந்தனர். வடசென்னைக் கானாப் பாடகர், பறையறைவோர், சொல்லிசையாளர், கித்தார் மீட்டுவோர் என்று, அதுவரை ஒரே மேடையில் நிறுத்தப்பெறாதவர் ஒருங்கே நின்றனர். கானா என்பது சாவு வீட்டுக்கும் சந்து முனைக்குமே உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த பாட்டு. பறையோ, சங்ககாலத்தில் போர்க்களத்திலும் விழாக்களத்திலும் முழங்கியும், பின்னாளில் தீண்டாமையின் சின்னமாகத் தாழ்த்தப்பட்ட கருவி. அவ்விரண்டும் துள்ளலிசையோடு கைகோத்தன. இடவொதுக்கீட்டைப் பற்றியும், கையால் மலமள்ளும் கொடுமையைப் பற்றியும், குடிசை பெயர்க்கப்பட்டு நகர்ப்புறத்துக்குத் துரத்தப்படுவோரைப் பற்றியும் பாட்டு எழுந்தது. மொழி, சென்னைத் தெருத்தமிழ். இடையிடையே கலப்புச் சொல் உண்டெனினும், உயிர் தமிழ். குழுவில் இருந்த ஒரே பெண்பாடகராகிய இசைவாணியை 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்டிருள் ஒருவராக எண்ணியது. கேட்டவர் கூட்டம் பெருகிற்று. நெடுநாள் மூடியிருந்த ஒரு வாயில் திறந்தது போலாயிற்று.

இத்துணைச் சிறந்த குழுவுக்குச் சூட்டிய பெயர் யாது? 'தி காசுட்லெசு கலெக்டிவ்'!

இப்பெயரின் வரலாறே இக்கட்டுரையின் உயிர்நிலை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் மக்களைச் சாதிப்பெயரால் பதியற்க என்றும், அவர்கள் 'சாதிபேதமற்ற தமிழர்' என்றும் முழங்கியவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமையிதழைத் தொடங்கி, மறு ஆண்டே அதனைத் 'தமிழன்' என்று பெயர்மாற்றி நடத்தியவர். இழிபெயரை எறிந்து, தாய்மொழியின் பெயரையே தம் மக்கட்கு மணிமுடியாக வைத்தவர். அவர் ஆண்ட அத்தொடரினின்றே குழுவின் பெயர் எடுக்கப்பெற்றதென்று குழுவினரே கூறியுள்ளனர். நன்று! எடுத்ததை ஏன் ஆங்கிலத்திற் கொட்டினர்? அயோத்திதாசர் தொடரில் இரு கூறு உள: ஒன்று சாதியின்மை, மற்றொன்று தமிழர் என்பது. மொழிபெயர்ப்பில் முதற்கூறு பிழைத்தது; இரண்டாம் கூறு காணாமற் போயிற்று! 'தமிழர்' இருந்த இடத்தில் 'கலெக்டிவ்' வந்து அமர்ந்தது. சாதியை நீக்கிய பின் எஞ்சுவது யார் என்னும் வினாவுக்கு அயோத்திதாசர் விடை தந்தார்: 'தமிழர்' என்றார். ஆங்கிலப் பெயரோ 'ஒரு திரள்' என்கின்றது.

'சாதியற்ற தமிழர்' என்று எழுதிப் பார்க்க. 'பேதம்' என்னும் வடசொல்லையும் நீக்கியாயிற்று; பண்டிதர் கருத்தும் நிற்கின்றது; பறைக்கும் பொருந்துகின்றது; கித்தாருக்கும் பொருந்துகின்றது. இதனினும் சிறந்த பெயரை உலகில் எந்தக் குழு பெற்றிருக்கும்? கையில் வைத்திருந்த பொன்னைக் கொடுத்துப் பித்தளை வாங்கிய கதை இது.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பார் உளர். பெயரில் ஒன்றும் இல்லையெனின் இழிபெயரால் ஊரும் சேரியும் ஏன் பிரிந்தன? பெயரை மாற்ற அயோத்திதாசர் ஏன் ஓர் ஆயுளைச் செலவிட்டார்? பெயரிலே எல்லாம் இருக்கின்றது என்பதைத் தாழ்த்தப்பட்டோரைவிட அறிந்தவர் இலர். அதனாலேயே அவர்தம் குழுவுக்கு இப்பெயர் ஆகாது என்க.

பாட்டின் பெயரும் பாடியோர் பெயரும்

எழுந்த குழுவின் முதல் மேடை ஒருமை நீடிக்கவில்லை. கலைஞர் பலர் தத்தம் வழியில் சிறந்தனர். அவருள் ஒருவர் அறிவு. 'தெருக்குறள்' என்று 2019-இல் தம் இசைத்தொகுப்புக்குப் பெயரிட்டவர். தமிழ்ப்பெயர் வைத்தால் மதிப்புக் குறையும் என்னும் அச்சம் அற்றவர். 2021 மார்ச்சுத் திங்களில், அவரும் பாடகர் தீயும் பாட, சந்தோசு நாராயணன் இசையில், 'என்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு வெளிவந்தது. நிலமற்ற உழவுக்கூலிகளின் வாழ்வும், தேயிலைத் தோட்டத்துக்குக் கடல்கடத்தப்பட்டோர் துயரும், மூதாய் ஒருத்தியின் நினைவும் அதில் உள. வலையொளியிற் பல கோடி முறை அது கேட்கப்பெற்றது. ஒப்பாரி மரபும் உழவர் மொழியும் உலகின் செவியைத் தொட்டன. தமிழுக்கு இஃது ஆக்கமே. எனினும், பாட்டின் முகப்பில் 'என்சாய்' என்னும் ஆங்கிலச் சொல் காவலாளிபோல் நின்று, உள்ளிருக்கும் தமிழை அறிமுகஞ்செய்ய வேண்டியதாயிற்று என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

பின் நடந்தது என்ன? 2021 ஆகத்தில், 'உரோலிங்கு சுடோன்' இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாட்டையும் மற்றொரு பாட்டையும் முன்னிறுத்தி அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையில் தீயும் ஈழத்தமிழராகிய சொல்லிசைஞர் ஒருவரும் இருந்தனர். சொல்லெழுதிப் பாடிய அறிவு இல்லை. இரஞ்சித் முதலியோர் வெகுண்டெழுந்து வினவிய பின்னரே அவ்விதழ் அறிவுக்கெனத் தனி மின்னட்டை வெளியிட்டது. 2022 சூலை 28-இல் சென்னையில் உலகச் சதுரங்கப் போட்டியின் தொடக்கவிழா நடந்தபோது அப்பாட்டு மேடையேறியது; அப்பொழுதும் அறிவு அம்மேடையில் இல்லை. பாட்டின் ஆக்கத்தில் எவர்க்கு எப்பங்கு என்பதைப் பற்றி அவரும் இசையமைப்பாளரும் வெளிப்படையாக மாறுபட்டு எழுதினர். அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கு வேலையன்று. ஆயினும், 2024 மார்ச்சில் அதே இசையமைப்பாளர் அறிவித்த செய்தி, வழக்கின் இருபக்கத்தாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது. அப்பாட்டினால் தமக்கோ உடன்பாடியவர்க்கோ மூன்றாண்டுகளாக ஒரு காசும் வந்துசேரவில்லை என்றார் அவர்.

எண்ணுக! கூலி பெறாத உழவனைப் பாடிய பாட்டு; அதனைப் பாடியோர்க்கும் கூலி இல்லை! நிலமற்றவன் பாட்டை எழுதியவனுக்குப் பாட்டிலும் நிலமில்லை! புகழ்வந்தபோது பெயர் விடுபட்டது. பொருள்வந்தபோது பங்கு விடுபட்டது. கூடிப்பாடியோர் தம்முள் முகம்பாராதாயினர். உடைவு என்பது இதுதான். கலைஞர் தனித்தனியே செல்வது இயற்கை. நால்வர் கூடினால் நாளை பிரிவர். ஆனால், உழைத்தவர் பெயரும் ஊதியமும் வேறு கைக்குப் போய், அதனால் உழைத்தவர் தம்முள் பகைகொள்வது இயற்கையன்று. அஃது ஓர் ஏற்பாட்டின் விளைவு.

பழைய உடைவு ஒன்று

இவ்வேற்பாடு புதிதன்று. தேனி மாவட்டப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சிக்காக ஊரூராய்ச் சென்று பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலிற் தோட்டத் தொழிலாளரிடையே அவர் பாட்டு பெருந்துணையாயிற்று. பின்னர் அவர்தம் தம்பியர் பாசுகர், இளையராசா, கங்கை அமரன் ஆகியோரும் சேர, அக்குழு தென்னாடெங்கும் மேடையேறியது. ஆர்மோனியமும் கித்தாரும் கொண்டு, வேர்வை சிந்துவோர் மொழியில், மேட்டுக்குடி மேடைக்கு மாற்றாக எழுந்த இசைக்குழு அது; 'மாற்றிசை' என்னும் பெயர் பிறக்குமுன்னரே பிறந்த மாற்றிசை! அதற்கும் வாய்த்த பெயர் 'பாவலர் பிரதர்சு'. பாவலர் என்னும் பைந்தமிழோடு ஆங்கில வால்! 'பாவலர் உடன்பிறப்புகள்' என்றால் எவர் வேண்டாவென்றிருப்பர்?

அக்குழுவைச் சென்னைத் திரையுலகம் ஈர்த்துக்கொண்டது. 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. நாட்டுப்புறப் பண் திரையை வென்றது. ஓர் இசைப்பேரறிஞர் நாட்டுக்குக் கிடைத்தார். அது பேறே. ஆனால், ஊர்மேடை வெறுமையாயிற்று. வரதராசன் கட்டிய பாட்டுக்குழு எங்கே? அவர் பாடிய பாட்டைப் பயின்ற மாணாக்கர் எங்கே? திரைப்படம் ஆள்களை எடுத்துக்கொள்ளும், குழுவை எடுத்துக்கொள்ளாது. இன்று திரைப்படம் இருந்த இடத்தில் வலையொளியும் இசைவணிக நிறுவனமும் அமர்ந்துள்ளன. வாய் மாறியது, விழுங்குதல் மாறவில்லை.

"ஆங்கிலம் இன்றேல் உலகு கேளாது" என்பார்க்கு

ஆங்கிலப் பெயருக்கும் ஆங்கில முகப்புக்கும் ஒரே ஒரு கரணியம் கூறப்படுகின்றது: "உலகம் அறிய வேண்டாவோ?" என்பது. உலகையே சான்றுக்கு அழைப்போம்.

ஐசுலாந்து என்பது வடகடலில் ஒரு தீவு. அதன் மக்கள்தொகை நான்கு இலக்கத்திற்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 இலக்கத்திற்கும் மேல். அஃதாவது, இம்மாவட்டத்தில் நான்கிலொரு பங்கு மக்களே அந்நாட்டில் உள்ளனர். அச்சிறு மக்கள், கணினிக்கும் தொலைபேசிக்கும் அயற்சொல்லை ஏற்காது, தம் வேர்ச்சொற்களினின்றே பெயர் ஆக்கிக்கொண்டவர். உலகத் தனிமொழியாளர்க்கெல்லாம் முன்னோடிகள். அந்நாட்டில் 1994-இல் தோன்றிய மாற்றுத் துள்ளலிசைக் குழு 'சிகுர் உரோசு'. அம்மொழியில் 'வெற்றி மலர்' போல்வதொரு பெயர். தம் தாய்மொழியிலேயே பெரிதும் பாடி உலகெங்கும் அரங்குகளை நிறைத்தது அக்குழு. அங்கும் பிரிவு உண்டு. 2013-இல் விலகிய ஒருவர் 2022-இல் மீண்டு சேர்ந்தார். ஆள் போயினும் மொழி போகவில்லை. ஆகலின், திரும்பிவர ஒரு வீடு இருந்தது.

கொரியாவின் ஏழிளைஞர் குழுவாகிய 'பி.டி.எசு.' என்பதன் எழுத்துகளும் கொரியத் தொடரொன்றின் சுருக்கமே. 2018-இல் அவர்தம் கொரியமொழி இசைத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அமெரிக்கர் கொரியம் கற்றுப் பாடினர். கொரியர் தம் மொழியைக் கைவிடவில்லை.

அத்துணைத் தொலைவும் செல்ல வேண்டா. அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் 2003-இல் தோன்றிய 'அவியல்' குழு, தம் உணவின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு, நாட்டார் பாட்டுகளை மலையாளத்தில் முழங்கியது. 2008-இல் வெளிவந்த அதன் தொகுப்பை மலையாளம் அறியாதாரும் கேட்டனர். தமிழின் வயிற்றிற் பிறந்த மலையாளத்துக்கு இருக்கும் துணிவு, தாய்க்கு இல்லாது போவதோ?

கால்வழி இல்லாக் கலை

புதுக்கோட்டை மண்ணே இதற்கு ஒரு நல்ல பாடமும் ஒரு கசந்த பாடமும் தருகின்றது.

நல்ல பாடம்: இவ்வூர் மான்பூண்டியா பிள்ளை. தவில் கற்ற அவர், எளியோர் கையிலிருந்த உடும்புத்தோற் கருவியைச் செப்பஞ்செய்து, கஞ்சிரா என்று இசைமேடையில் ஏற்றினார். அந்நாளில் அதுவும் ஒரு மாற்றிசையே. அவரோடு அது மாண்டுவிடவில்லை. மாணாக்கர் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மத்தளத்திலும் கஞ்சிராவிலும் புகழ்பெற்றார். மற்றொரு மாணாக்கராகிய பழனி முத்தையா பிள்ளையின் மகன் சுப்பிரமணிய பிள்ளை (1908–1962), இடக்கையால் மத்தளம் முழக்கி நாட்டை வியக்கவைத்தார். 'புதுக்கோட்டை வழி' என்றொரு மரபே நிலைத்தது. ஊர்ப்பெயரால் ஒரு வழி நிற்கின்றது. ஏனெனில் கற்பித்தவர் இருந்தார், கற்றவர் இருந்தார், பெயர் சொல்லிப் போற்றியவரும் இருந்தனர்.

கசந்த பாடம்: இதே மாவட்டத்து விராலிமலை. அங்குள்ள முருகன் கோயிலில் ஆடியும் பாடியும் பணிசெய்த 32 பெண்டிருள் எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். 2022-இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மசிரீ விருது அளித்தது. விருது வந்தது; உடனாடிய குழு எங்கே? அப்பெண்டிரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய வழக்கம் ஒழிந்தது, ஒழியவேண்டியதே. ஆனால், இழிவை ஒழிக்கப் புகுந்தவர் கலையையும் அதனோடு சேர்த்து எறிந்தனர். அதே ஆடல் பிறர் கையில் 'பரதநாட்டியம்' என்னும் புதுப்பெயர் பூண்டு பெருமைபெற்றது. காத்தவர்க்கு வறுமையே மிஞ்சியது. பெயர் மாறும்போது உரிமையும் கைம்மாறுகின்றது என்பதற்கு, 'என்சாய் எஞ்சாமி'க்குப் பல்லாண்டு முன்னரே விராலிமலை சான்று பகர்ந்துவிட்டது.

இன்று செய்யத்தக்கது

பாட்டுக்குத் தேவை இல்லாமற் போய்விட்டதோ? இம்மாவட்டத்து வேங்கைவயலில், 2022 திசம்பரில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அதே நாள்களில் அருகிலுள்ள இறையூரில் அவர்தம் மக்களைக் கோயிலுக்குள் மாவட்ட ஆட்சியரே அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. 'யாதும் ஊரே' என்று ஊர்தோறும் எழுதி வைத்திருக்கும் நாட்டில், ஓர் ஊரின் தண்ணீரே இரண்டாயிற்று! இக்கொடுமையைச் சாதியற்ற தமிழராய் நின்று, ஊர்த்தெருவில், ஊர்மொழியில் பாடும் குழு ஒன்று புதுக்கோட்டைக்கு வேண்டும். அறிக்கையால் ஆகாதது பறையால் ஆகும்.

ஊர்த் திருவிழாக்களில் நடப்பது யாது? 'ஆடலும் பாடலும்' என்று சுவரொட்டி ஒட்டித் திரைப்பாட்டுக்கு இளம்பெண்டிரை ஆடவிட்டுக் காசைக் கொட்டுகின்றனர். அக்காசில் ஒரு பங்கை உள்ளூர்த் தமிழ்க்குழுவுக்குக் கொடுத்தால் எத்தனை இளைஞர் தழைப்பர்! விழாக்குழுவில் தனித்தமிழ் அன்பர் இல்லாத ஊர் உண்டோ? அங்கே வாய்திறவாமல் இருந்துவிட்டு, இதழில் மட்டும் எழுதிப் பயனென்ன?

இளைஞரே! குழு தொடங்குமுன் பெயரைத் தமிழிற் சூட்டுக. துடி, முழவு, யாழ், பாணர், பொருநர், கூத்தர் என்று அள்ள அள்ளக் குறையாத சொற்கிடங்கு உங்கட்கு உண்டு. சொல்லை எழுதியவர் யார், பண்ணமைத்தவர் யார், முழக்கியவர் யார், எவர்க்கு எப்பங்கு என்பதைப் பாட்டு வெளிவருமுன்னரே, எல்லாரும் படித்தறியும் தமிழில், உடன்படிக்கையாக எழுதிக் கையெழுத்திடுக. புரியாத ஆங்கிலத்தாளிற் கையெழுத்திட்டவனே பின்னர் நடுத்தெருவில் நிற்கின்றான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பெற்றது. திரைப்பாட்டாயினும் தனிப்பாட்டாயினும், பாட்டெழுதியவரும் பண்ணமைத்தவரும் உரிமைத்தொகையில் பெறவேண்டிய சமபங்கை, வழியுரிமையர்க்கோ அதனைத் தண்டும் கழகத்துக்கோ அன்றி, வேறு எவர்க்கும் எழுதிக்கொடுத்தல் செல்லாது என்று அது காக்கின்றது. அறிந்தவன் கேட்பான், அறியாதவன் இழப்பான். அறிந்த வழக்கறிஞர் இளைஞர்க்கு இதனைத் தமிழில் எடுத்துரைத்தல் மொழித்தொண்டும் ஆகும், அறத்தொண்டும் ஆகும்.

குழுவுக்கு ஒரு பள்ளி வேண்டும். ஒவ்வொரு குழுவும் பத்துச் சிறாரையேனும் பயிற்றுக. குழு உடையினும் பயிற்சி உடையாது. மான்பூண்டியார் மறைந்து நூறாண்டு ஆயினும் கஞ்சிரா மறையாதது அதனாலன்றோ?

புலவர் பெருமக்களே! இளைஞர் பாட்டிலுள்ள ஆங்கிலச் சொல்லை எண்ணி எண்ணி இகழ்ந்தது போதும். அவர் அருகிற் சென்று அமர்க. 'என்சாய்' என்னுமிடத்தில் 'மகிழ்' என்று வைத்தால் தாளம் தட்டுமா தட்டாதா என்று அவரோடு சேர்ந்து கைதட்டிப் பார்க்க. தட்டுமெனின் அவர் ஏற்பர். தட்டாதெனின் வேறு சொல் தேடுக. யாப்பறிந்த புலவனும் தாளமறிந்த இளைஞனும் ஒரு திண்ணையில் அமர்ந்தால் தமிழுக்குப் பிறவாத பாட்டு எது?

குடுமியான்மலைப் பாறை இன்னும் நிற்கின்றது, பாடுவார் இலர். அதனடியில் நின்று சாதியற்ற தமிழராய், தமிழ்ப்பெயர் பூண்டு, தமிழிற் பாட இம்மாவட்டத்து இளைஞர் எழட்டும்! கித்தார் இருக்கட்டும், பறையும் இருக்கட்டும், முழக்கம் தமிழாகட்டும்! உழைத்தவர் பெயர் முன்னே வரட்டும்; ஊதியம் அவர் கைக்கே சேரட்டும்! அவ்வாறு எழும் குழு நாளை உடையினும், அதன் பாட்டு உடையாது.

வெல்க தமிழிசை!